பின்னாலிருந்தும் எழுதிய கொப்பி

“ஐயோ, அவனை ஏன்டா வெளிய எடுக்கிறாய், மொக்கா!”

நியூசிலாந்தின் ஓக்லாந்தில் ஒரு விளையாட்டு மண்டபத்தில், சனிக்கிழமைப் பின்னேரங்களில், அக்கா இப்படித்தான் கத்துவார். முன்வரிசை வெள்ளைக்காரர் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். தமிழ் விளங்காவிட்டாலும் ஏச்சு யாருக்கு விழுகிறது என்பது அவர்களுக்கு நன்றாக விளங்கும். கூடைப்பந்துக் குழுவின் பயிற்சியாளருக்கும் விளங்கும். அவர் மீசையைத் தடவிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பாமலே நிற்பார். நான் சால்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வேன். குளிர் ஒரு காரணம், மானம் மற்றக் காரணம்.

அக்காவின் பெயரை எழுத மாட்டேன். தன் பெயர் எங்கேயும் வருவது அவருக்குப் பிடிக்காது. மன்னார்ப் பக்கம் ஊர், வேதக்காரர், என்னைவிட ஏழு வயது மூப்பு. ரானுயியில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருந்தார். பென்ரோஸில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் எங்கள் பகுதிக்கு சூப்பர்வைசர். எண்பத்தாறில் நானும் கணவரும் வந்து இறங்கிய மூன்றாம் கிழமையே எனக்கு அங்கே வேலை எடுத்துத் தந்தவர். காலையில் தன் காரிலேயே ஏற்றிப் போவார். பெற்றோலுக்கு ஒரு சதமும் வாங்க மாட்டார். அதனால் சனிக்கிழமை அவர் “வெளிக்கிடும், மட்ச் இருக்கு” என்றால் மறுத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. என் கணவருக்கு விரி என்ற இடத்தில் வேர்ஹவுஸ் வேலை, இரவு முறை. சனிக்கிழமை முழுக்கத் தூங்குவார். ஆக, விளையாட்டென்றாலே கொட்டாவி விடும் நான் மூன்று வருசம் ஒரு மட்ச் விடாமல் கூடைப்பந்து பார்த்தேன். என்ன கொடுமை என்று கேளுங்கள், எங்கள் குழு அனேகமாகத் தோற்றுக்கொண்டே இருந்தது.

வென்றாலாவது கொஞ்சம் சூடு பிடித்திருக்கும்.

அக்கா தெரிவு செய்யும் இடம் எப்போதும் ஒன்றுதான். விளையாடாமல் மாற்று ஆட்களாக வாங்கில் உட்கார்ந்திருப்பவர்களின் முதுகுக்கு நேர் பின்னால். அங்கிருந்து கூடை பாதிதான் தெரியும். “அக்கா, அங்கால போவம், வடிவாத் தெரியும்” என்று முதல் நாளே சொன்னேன்.

“பந்தைத்தான் எல்லாரும் பாக்கினமே. நாங்களும் ஏன் பாக்க வேணும்?”

“பேந்து எதைப் பாக்கிறது?”

“ஆர் உள்ள போறான், ஆர் வெளிய வாறான், அதைப் பாரும்.”

கைப்பையிலிருந்து ஒரு நீல அட்டைக் கொப்பியை எடுப்பார். அதோடு ஒரு பொதி கடலை வடையும் சுடுதண்ணீர்ப் போத்தலில் பால் விடாத பிளேன்ரீயும் வெளியே வரும். கொப்பியில் ஒரு தாளுக்கு ஓர் ஆட்டக்காரன். யார் எத்தனை கூடை போட்டான் என்று அதில் இருக்காது. அந்த ஆள் உள்ளே போகும்போது எங்களுக்கு எத்தனை புள்ளி, எதிராளிக்கு எத்தனை, வெளியே வரும்போது எத்தனை. அவ்வளவுதான். அவன் நின்ற நேரத்தில் நாங்கள் ஏறினோமா இறங்கினோமா என்பது மட்டும்தான் அக்காவின் கேள்வி.

பள்ளிக்கூடத்தில் வலைப்பந்துக் குழுவில் அக்காவை ஒரு நாளும் எடுக்கவில்லையாம். “என்னைக் கண்டால் டீச்சர் மற்றப் பக்கம் பாப்பா. ஆனா ஸ்கோர் எழுத நான்தான்” என்று சிரித்தபடி சொல்வார். மேசையில் உட்கார்ந்து ஐந்து வருசம் ஸ்கோர் எழுதியதில் அக்காவுக்கு ஒன்று பிடிபட்டிருந்தது. கை தட்டு ஒருத்திக்கு விழும், குழுவைத் தூக்கிப் பிடிப்பது வேறொருத்தியாக இருக்கும்.

எங்கள் குழுவில் அந்த வேறொருத்தர் ஒரு பிளம்பர்.

சம்பளம் வாங்கி ஆடியது இரண்டு அமெரிக்கர்கள்தான். மற்றவர்கள் எல்லாரும் உள்ளூர்க்காரர், பகலில் வேறு வேலை. இவன் பகலில் குழாய் பூட்டுகிறவன். செம்பட்டைத் தலை, கட்டை ஆள், ஒரு முழங்காலில் எப்போதும் துணி சுற்றியிருப்பான். கூடையைப் பார்த்துப் பந்தை எறிவதே குறைவு. ஆனால் அவன் உள்ளே போனால் மற்ற நாலு பேரும் கொஞ்சம் ஒழுங்காக நடப்பார்கள். நெட்டையன் நிற்க வேண்டிய இடத்தில் நிற்பான். யாரும் யாரையும் திட்ட மாட்டார்கள். எனக்கு இதெல்லாம் அக்கா சொன்ன பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பிறகு கண்ணை எடுக்க முடியவில்லை, அதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

எண்பத்தேழில், பருவத்தின் நடுவில், மீசைக்காரப் பயிற்சியாளர் அந்தப் பிளம்பரைக் குழுவிலிருந்து வெட்டினார். அவன் இடத்துக்குத் தூரத்தில் நின்று மூன்று புள்ளிக்கு எறிகிற ஒரு பெடியனை எடுத்தார். பேப்பர்காரர் பாராட்டி எழுதினார்கள். ‘குழுவுக்குப் புது இரத்தம்’ என்று போட்டிருந்ததைக் காரில் எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, அக்கா பேப்பரைச் சுருட்டிப் பின் ஆசனத்தில் எறிந்தார்.

“புது இரத்தமாம். பழைய இரத்தத்தை எங்க ஊத்தினவங்கள்?”

அன்று பின்னேரமே கிளப்புக்கு ஆங்கிலத்தில் மூன்று பக்கக் கடிதம். பிளம்பரின் தாளில் இருந்ததை அப்படியே இறக்கி எழுதினார். யாரை வெளியே போடலாம் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. நான் கேட்டேன்: “அப்ப ஆரைத்தான் அக்கா நிப்பாட்டிறது? ஒரு குழுவில பத்துப் பேரைத்தானே வைச்சிருக்கலாம்?”

“அது அவையின்ர வேலை. ஒருத்தன் என்னத்துக்கு உதவுவான் எண்டு மட்டும் நான் சொல்லுவன். ஒருத்தன் என்னத்துக்கும் உதவான் எண்டு என்ர கை எழுதாது.”

பதிலுக்கு ஒரு கடிதம் வந்தது. இரண்டு வரி நன்றியும், காரில் ஒட்ட ஒரு ஸ்டிக்கரும். அக்கா ஸ்டிக்கரைக் காரின் பின் கண்ணாடியில் ஒட்டினார். கடிதத்தைப் பற்றி, “வாசிக்கவே இல்லையப்பா இவங்கள்” என்று மட்டும் சொன்னார். அந்தப் பருவம் எங்கள் குழு கடைசியில் வந்தது.

வெட்டுப்பட்ட பிளம்பர் ஒரு நாள் மட்ச் பார்க்க வந்தான். எங்களுக்கு இரண்டு வரிசை பின்னால் தனியாக இருந்தான். அக்கா நேரே எழும்பிப் போனார். ஒரு வடையை அவன் கையில் வைத்து, கொப்பியை விரித்து அவன் தாளைக் காட்டினார். அவன் வடையைக் கடிக்க மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, இதைப் பார்த்து எழுதிக்கொள்ளலாமா, மனைவிக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டான். எழுத அவனிடம் கடுதாசி இல்லை. டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதினான். அடுத்த மாதம் ரானுயிக்கு வந்து அக்காவின் குசினிக் குழாயைச் சும்மாவே பூட்டித் தந்துவிட்டுப் போனான்.

இனிக் கொப்பியில் நான் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மிச்சக் கதை நிற்காது.

ஒரு நாள் மட்சில் வடை எண்ணெய் கைக்கெல்லாம் வடிந்தது. நான் பாட்டுக்குக் கொப்பியிலிருந்து எழுதாத ஒரு தாளைக் கிழித்துக் கை துடைத்தேன். நடுவில் கம்பி குத்திய பள்ளிக்கூடக் கொப்பி அது. ஒரு பக்கத் தாளைக் கிழித்தால் மறுபக்கத்தில் அதன் சோடித் தாளும் கழன்றுவிடும். அப்படிக் கழன்று விழுந்தது போன வருசத்து ஆட்டக்காரன் ஒருவனின் தாள். விழுந்து, யாரோ மிதித்து, கோலா ஊறி நாசமாய்ப் போனது. அக்கா ஏசவில்லை. என்னை இறக்கிவிடும்போது மட்டும், “அவன் பாவம், பதினாலு மட்ச் ஆடினவன்” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரோ ஒருவனுக்காக நான் அழுதேன் என்று கணவரிடம் சொன்னால் அவர் சிரித்தார். அவருக்கு என்ன தெரியும்.

அந்தக் கொப்பியை அக்கா பின்னாலிருந்தும் எழுதிக்கொண்டு வந்தார். முன் பாதியில் ஆட்டக்காரர். கொப்பியைத் தலைகீழாகத் திருப்பினால் பின் பாதியில் தொழிற்சாலைப் பெண்கள். அங்கேயும் தாளுக்கு ஓர் ஆள். நாங்கள் பதினொரு பேர். சமோவாக்காரர், தொங்காக்காரர், ஒரு மாவோரிப் பெண், நான். பெல்ட்டில் பிஸ்கட் வரும், தட்டில் அடுக்கிப் பெட்டியில் போட வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் எங்கள் எங்கள் நம்பர் போட்ட துண்டு. நாள் முடிவில் அலுவலகத்தில் துண்டுகளை எண்ணி யார் எத்தனை பெட்டி என்று பார்ப்பார்கள். அக்கா அதை எழுதவில்லை. யார் வந்த நாளில் அந்த பெல்ட் லைன் எத்தனை தரம் நின்றது, யார் வராத நாளில் எத்தனை தரம் நின்றது என்று எழுதினார். ஏன் எழுதினார் என்று கேட்டால், “கை சும்மா இராது” என்பார்.

பங்குச்சந்தை விழுந்த வருசம் அது. தொழிற்சாலையை வேறு ஆட்கள் வாங்கினார்கள். புது மனேச்சர் ஒருவர் வந்தார், இளம் ஆள், கழுத்துப்பட்டி எப்போதும் நேராக இருக்கும். எங்கள் பகுதியில் ஒருவரை நிறுத்த வேண்டும் என்று அறிவித்தார். பெட்டித் துண்டு யாருக்குக் குறைவோ அவர்தான் முதல் ஆள். குறைவு எனக்குத்தான். எப்போதுமே எனக்குத்தான்.

மற்ற நேரமாக இருந்தால் போடா நீயும் உன் பிஸ்கட்டும் என்று வந்திருப்பேன். ஆனால் என் தம்பி ஊரில் மாட்டுப்பட்டு இருந்தான். அந்த ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுந்து, எங்கள் வீடு போய், அவன் கோயில் மண்டபத்தில் சனத்தோடு சனமாகக் கிடந்தான். அவனை இங்கே எடுக்க விண்ணப்பம் போட்டிருந்தோம். கணவரின் வேலை தற்காலிகம். எனக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று தொழிற்சாலைக் கடிதம் ஒன்று வேண்டும். வேலை போனால் கடிதம் இல்லை. கடிதம் இல்லாவிட்டால் தம்பி அங்கேயே. அவ்வளவுதான் கணக்கு. நான் சாப்பிடாமல் தூங்காமல் திரிந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து மணித் தேநீர் இடைவேளையில், அக்கா கொப்பியோடு கன்ரீனுக்கு வந்தார்.

“மனேச்சரிட்டப் போறன். இப்பிடி ஒரு கொப்பி எழுதிறன் எண்டு சொன்னன், கொண்டு வரச் சொன்னவர். உம்மட தாளை ஒருக்காப் பாரும்.”

பார்த்தேன். என் நம்பர் போட்ட தாளில், நான் நின்ற நாட்களில் லைன் அனேகமாக நிற்கவே இல்லை. நான் காய்ச்சலில் கிடந்த கிழமையில் நாளுக்கு ஐந்து ஆறு தரம் நின்றிருக்கிறது. கீழே அக்காவின் சின்ன எழுத்தில், ‘பக்கத்து ஆளின் தட்டு கோணினால் தன் வேலையை விட்டு நிமிர்த்துகிறாள். பெல்ட் இறுகினால் முதலில் இவளுக்குத்தான் சத்தம் கேட்கிறது. கெட்டிக்காரி’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. நான் அதையெல்லாம் செய்வது எனக்கே தெரியாது. என்னை இந்த நாட்டில் ஒருவரும் அதுவரை கெட்டிக்காரி என்று எழுதியதில்லை.

சந்தோசத்தில் கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைசி ஆளின் தாளுக்கு அடுத்ததாக இன்னொரு தாள் இருந்தது. அது அக்காவின் சொந்த நம்பர். தன்னையும் விடாமல் எழுதியிருக்கிறார். அவர் வயிற்றில் ஒப்பரேசன் செய்து மூன்று கிழமை வராமல் இருந்த நாட்களைப் பிரித்துப் போட்டு, கடைசியில் ஒரு வரி: ‘வித்தியாசம் இல்லை.’

அக்கா கொப்பியை என் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார்.

“அக்கா, உங்களுக்கென்ன விசரே? இதையும் கொண்டுபோய்க் காட்டப் போறியளோ?”

“கொப்பியைக் கேட்டால் கொப்பியைத்தானே குடுக்க வேணும்.”

“இந்தத் தாளை மட்டும் கிழியுங்கோ. இஞ்ச தாங்கோ, நான் கிழிக்கிறன்.”

கையை நீட்டினேன். அக்கா கொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

“கிழிச்சால் உம்மட தாளும் கழண்டு விழும். வடை துடைச்சது மறந்து போச்சோ?”

நான் கையை எடுத்துவிட்டேன். தம்பியின் உயிர் அந்தத் தாளில் இருக்கிறது என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் அக்காவை நினைத்து எடுக்கவில்லை, எனக்காகத்தான் எடுத்தேன். மணி அடித்தது. அக்கா வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மனேச்சரின் அறைக்குப் போனார்.

இரண்டு நாள் கொப்பி மனேச்சரிடம் இருந்தது. மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார். இனிமேல் எனக்கென்று ஒரே இடம் கிடையாது, லைன் முழுக்க நடந்து எங்கே சிக்கலோ அங்கே நிற்க வேண்டும், துண்டு போடத் தேவையில்லை என்றார். கடிதமும் தந்தார். நான் வெளியே வந்து மாவோரிப் பெண்ணைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவளும் காரணம் கேட்காமலே அழுதாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்காவை நிறுத்தினார்கள். லைன் தானாக நிற்காமல் ஓடுமென்றால் சூப்பர்வைசர் எதற்கு? மனேச்சர் அந்த ஒரு வரியை அவருக்கே வாசித்துக் காட்டினாராம். அன்றைக்குக் காரில் ஏறியதும் நான் வாய்க்கு வந்தபடி மனேச்சரைத் திட்டினேன். பாழ்படுவான், நாசமாய்ப் போவான் என்று ஒன்றும் விடவில்லை. அக்கா சாவியைப் போட்டுக் காரை எடுத்தார்.

“ஏன் அவனைத் திட்டுறீர்? சரியாத்தானே வாசிச்சிருக்கிறான்.”

“அக்கா!”

“இந்த நாட்டில என்ர கொப்பியை முழுசா வாசிச்ச முதல் ஆள் அவன்தான்” என்றார். சொல்லும்போது கொஞ்சம் சிரித்தார். மோட்டர்வேயில் ஏறிய பிறகு ஒரு கையால் கண்ணைத் துடைத்ததையும் கண்டேன். அப்போதே ஏதாவது கேட்டிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகும் ஒரு மாதம், பென்ரோஸில் வேலையே இல்லாத அந்த மனுசி, காலை ஆறு மணிக்கு வந்து ஹோர்ன் அடித்து என்னைத் தொழிற்சாலை வாசலில் இறக்கிவிட்டுப் போனார். நான் லைசன்ஸ் எடுக்கும்வரை. ஹென்டர்சன் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் அவருக்கு வேலை கிடைத்தது. அங்கேயும் கொப்பி போட்டாரா என்று கேட்டேன். “ஓம், ஆர் வந்தால் கிழடுகள் சாப்பிடுதுகள் எண்டு பாக்கிறன்” என்றார்.

தம்பி எண்பத்தெட்டு முடிவதற்குள் வந்து சேர்ந்தான். விமான நிலையத்துக்கு அக்காவும் வந்தார், வடையோடு. அடுத்த பருவம் தொடங்கியதும் அவனையும் இழுத்துக்கொண்டு போய் வாங்கின் பின்னால் இருத்தினார். அவன் முதல் நாளே, “அக்கா, இஞ்சயிருந்து கூடை தெரியேல்லையே” என்றான். நான் சிரித்த சிரிப்பில் பிளேன்ரீ மூக்கில் ஏறியது.

எண்பத்தொன்பதில் அக்கா மெல்போர்னில் இருக்கும் தங்கையிடம் போய்விட்டார். போகும் அன்று நீலக் கொப்பியை என் கையில் தந்தார். “மட்சுக்குப் போம். எழுதும்” என்றார். போனேன், எழுதினேன். தாள்கள் நிரம்பி, எழுத இடமில்லாமல் போன ஒரு நாள், பழைய ஆட்களைப் பார்க்கலாம் என்று கொப்பியை மேசையில் விரித்தேன்.

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. முன் பாதியில் ஆட்டக்காரர், பின் பாதியில் நாங்கள். கம்பி நடுவில். பின் பாதித் தாளின் சோடி முன் பாதியில்தான் இருக்கும். என் தாளும் அக்காவின் தாளும் ஒரே பாதியில். அவருடையதைக் கிழித்திருந்தால் என்னுடையது எப்படிக் கழலும்? அக்காவின் தாளை விரலால் பிடித்துக்கொண்டு அதன் சோடியைத் தேடிப் புரட்டினேன். முழங்காலில் துணி சுற்றிய செம்பட்டைத் தலையன். பிளம்பர்.

உடனே மெல்போர்னுக்கு போன் போட்டேன். ட்ரங்க் கோல் காசு போனால் போகட்டும்.

“அக்கா, எனக்கு ஏன் பொய் சொன்னனீங்கள்? அண்டைக்கு அந்தத் தாளைக் கிழிச்சிருக்கலாம். என்ர தாள் கழண்டிராது. கழண்டிருந்தால் பிளம்பரின்ர தாள்தான் கழண்டிருக்கும். அவனைத்தான் ஏற்கெனவே வெட்டிப்போட்டாங்களே!”

மறுபக்கம் அக்காவின் அதே குரல்.

“பாவம் பிள்ளை, அவனை எத்தினை தரம்தான் வெட்டுறது?”